மீன் அறியாவண்ணம் தூண்டில் இடுதல்

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி மாதம் 28ஆம் தேதி அடைத்த பின்பு, திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் காவேரியில் நீர் நாளுக்கு நாள் இறங்கித் தெளிகிறது. கலங்கல் அடங்கி, இடுப்பளவு நீரிலும் அடிமணல் கண்ணுக்குப் புலப்படும். தீவின் வடபால் செல்லும் கொள்ளிடத்திலோ நீரோட்டம் முன்னரே சுருங்கி, மணல் திட்டுகளுக்கு நடுவில் மடுக்கள் மட்டும் எஞ்சி நிற்கும். ஆற்றில் பரந்து திரிந்த மீன்கள் இம்மடுக்களில் வந்து ஒதுங்குகின்றன. இவ்வளவு மீன் ஓரிடத்தில் கூடியிருந்தும், தூண்டில் இடுவோர், “மீன் கண்ணுக்குத் தெரிகிறது, முள்ளைத் தொடவில்லை” என்று முறையிடுவது ஆண்டுதோறும் கரையோரக் கிராமங்களில் கேட்கப்படும் விஷயமாகும்.

இம்முறையீட்டின் பின்னே பெரியதோர் ஆபத்து மறைந்திருக்கிறது. தூண்டிலுக்கு வராத மீனை வேறு வழியில் எடுத்துவிடலாம் என்று எண்ணிச் சிலர் மடுவில் பூச்சிமருந்தைக் கலக்கிறார்கள். சிலர் தோட்டா வெடிக்கிறார்கள். பம்புசெட்டுக் கம்பியிலிருந்தோ பாட்டரியிலிருந்தோ மின்சாரம் பாய்ச்சுவோரும் உளர். முற்காலத்தில் திருகுகள்ளிப் பாலும் காக்காய்கொல்லி விதையும் இக்காரியத்துக்குப் பயன்பட்டன. இப்போது கடையில் விற்கும் மருந்துகள் அவற்றிலும் பன்மடங்கு கொடியவை. அவற்றுள் சில, மிகச் சொற்ப அளவிலேயே மீனினத்தை அடியோடு அழிக்கவல்லவை. உண்ணத்தக்க மீன் பத்துக் கிடைப்பதற்காகச் சினை மீன்களும் குஞ்சுகளும் அவை தின்னும் புழு பூச்சிகளும் ஒருசேர மடிகின்றன. மழைக்காலத்தில் ஆறு முழுவதும் மீண்டும் மீன் பெருகுவதற்கு வித்தாக நிற்பவை கோடையில் மடுக்களில் தங்கும் இந்தத் தாய்மீன்களே. விதைநெல்லைக் குற்றிச் சமைப்பவனைக் குடியானவன் என்று ஒருவரும் சொல்லார். இதனோடு, அம்மடுவில்தான் ஊர்க் கால்நடைகள் நீர் அருந்துகின்றன என்பதையும், இப்படுகைகளின் மணலிலேயே பல ஊர்களுக்கு நீர் வழங்கும் குடிநீர்க் கிணறுகள் இறக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் நினைக்க வேண்டும்.

மீன் முள்ளைத் தொடாமைக்குக் காரணம் பெரும்பாலும் மீனிடத்தில் இல்லை. கரையில் நிற்பவரிடத்திலும் அவர் கையிலுள்ள கருவிகளிடத்திலுமே இருக்கிறது. மீன் எவ்வாறு காண்கிறது, எவ்வாறு கேட்கிறது என்பதை அறிந்து அதற்கேற்ப ஒடுங்கி நடப்பவருக்குத் தெளிந்த நீர் ஒரு தடையன்று.

கண்ணும் சாளரமும்

நீரினுள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே தெரிகிறது. வெளிச்சம் காற்றிலிருந்து நீருக்குள் புகும்போது வளைவதே இதற்குக் காரணம். நீரில் நட்ட கழி ஒடிந்ததுபோல் தோன்றுவதும் இவ்வளைவினாலேயே. மீனின் கண்ணிலிருந்து மேல்நோக்கி ஏறத்தாழ 97 பாகை அகலத்துக்கு விரியும் இச்சாளரத்துக்குள், தலைக்கு மேலுள்ள வானமும் இரு கரைகளும் மரங்களும் மனிதரும் அடங்கிவிடுகின்றனர். 2 அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்குச் சாளரத்தின் குறுக்களவு சுமார் 4½ அடி. 4 அடி ஆழத்தில் சுமார் 9 அடி. அவ்வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் அடித்தரையையே பிரதிபலித்துக் காட்டும்.

சாளரத்தின் நடுவில் உள்ளவை தெளிவாகத் தெரியும். ஓரத்தில் உள்ளவை, அதாவது நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருப்பவை, நசுங்கி மங்கிவிடும். ஒரு பொருள் நீர்மட்டத்திலிருந்து சுமார் 10 பாகைக்குட்பட்ட சாய்வில் இருக்குமாயின் மீனுக்கு அது மிகச் சிறுத்தே தோன்றும். இதைக் குடியானவர் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்காக மாற்றினால், நீர்மட்டத்துக்கு மேல் ஒருவருடைய தலை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல் ஆறு மடங்கு தூரம் மீனிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். நீரோர மணலில் நிற்கும் மனிதனின் தலை 5½ அடி உயரத்தில் இருக்குமானால் அவன் 33 அடி விலக வேண்டும். அவனே குந்தி உட்கார்ந்தால் தலை 2½ அடிக்கு இறங்கும். அப்போது 15 அடி போதும். உய்யக்கொண்டான் போன்ற வாய்க்கால்களில் 4 அடிக் கரைமேல் நிமிர்ந்து நிற்பவனுக்கோ 57 அடி தேவைப்படுகிறது. வாய்க்காலின் அகலம் அவ்வளவு இராத இடங்களில், கரையின் உச்சியில் நடந்து வருபவனை அங்குள்ள மீன்கள் யாவும் கண்டுகொள்ளும் என்பது வெளிப்படை. கரையின் உள்சரிவில் இறங்கி உட்காருவதே அங்கு வழி.

காற்று வீசி நீரில் சிற்றலை எழும்போது சாளரம் உடைந்து சிதறுகிறது. ஆகையால் காலையில் அசைவற்ற நீரில் ஏமாந்தவர், பிற்பகலில் காற்று எழுந்தபின் அதே இடத்தில் மீன் பெறுவது உண்டு. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

மீனின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் பக்கவாட்டில் அது வெகுவாகக் காணும். நேர் பின்புறம் மட்டும் குருடு. ஓடும் நீரில் மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் இவ்விரு ஆறுகளும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. எனவே மீனின் முகம் மேற்கு நோக்கியிருக்கும். கிழக்கிலிருந்து நெருங்குபவனே அதன் பின்புறத்தில் வருகிறான். காலை வேளையில் இப்படி வருபவனுக்குச் சூரியன் முதுகுப்புறம் நிற்பதால் அவனுடைய நீண்ட நிழல் அவனுக்கு முன்னே ஓடி மீன்மேல் விழுந்துவிடும். மாலையில் நிழல் பின்னால் விழும். ஆற்றோட்டம் உள்ள இடங்களில் மாலைநேரம் மேலானது என்பதற்கு இது ஒரு காரணம். காலையில் வர விரும்புபவர் நீரோரத்தைவிட்டு மணலின் உட்புறமாக நடந்து வந்து, குறித்த இடத்தில் மாத்திரம் இறங்க வேண்டும்.

நிழலைப் பற்றி இன்னும் ஒன்று. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையில் இப்பிரதேசத்தில் நண்பகற் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நிழல்கள் வடக்கே விழும். ஆகையால் காவேரியின் தென்கரையில், அதாவது நகரத்துப் பக்கத்தில், உட்கார்ந்தவரின் நிழல் நீரில் விழும். அம்மா மண்டபம் இருக்கும் ஸ்ரீரங்கத்துக் கரையில் உட்கார்ந்தவரின் நிழல் முதுகுக்குப் பின்னே மணலில் விழும். கொள்ளிடத்தில் இது மாறிவிடும். அங்கே ஸ்ரீரங்கம் தென்கரையாவதால் வடகரையே உகந்தது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து வடக்கே கடந்தபின், ஆகஸ்டு கடைசி வரையில் இவ்விதி தலைகீழாகும். மரநிழல் கிடைக்குமிடத்தில் இக்கணக்கு எதுவும் வேண்டியதில்லை. மனித நிழல் மரநிழலுக்குள் அடங்கிவிடும்.

ஓசை

கரையில் இருவர் மெல்லப் பேசிக்கொண்டிருப்பதால் மீன் கலையும் என்று பலர் நம்புகிறார்கள். காற்றில் பிறந்த ஓசையில் மிகப் பெரும் பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது, உட்புகுவது அற்பமே. ஆனால் தரையில் பிறந்த அதிர்ச்சி அப்படியன்று. காலடி, கம்பை ஊன்றுதல், தூக்குப் பாத்திரத்தைக் கல்லின்மேல் வைத்தல் ஆகிய இவை தரை வழியே நீருக்குள் சென்று, காற்றில் செல்வதைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் பரவுகின்றன. கெண்டை இனங்களுக்கும் கெளுத்தி, வாளை முதலியவற்றுக்கும் காற்றுப்பையிலிருந்து உட்செவி வரையில் சிற்றெலும்புகள் தொடராக அமைந்து ஓசையைக் கடத்துகின்றன. ஆதலின் அவை பிற மீன்களினும் செவிக் கூர்மை வாய்ந்தவை. இதன்றி எல்லா மீன்களின் விலாவிலும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு, அருகிலுள்ள நீரின் சிறு அசைவையும் உணரும்.

படித்துறைகளில் துணி துவைக்கும் ஓசைக்கும் முழுக்குப் போடுவோரின் ஆரவாரத்துக்கும் நடுவே சிறு மீன்கள் குளிப்பவரின் காலைக் கொத்துவதை எல்லோரும் அறிவர். அங்ஙனமாயின் ஓசைக்கு மீன் அஞ்சும் என்பது எப்படிப் பொருந்தும் எனக் கேட்கலாம். தினந்தோறும் கேட்டு, அதனால் தீங்கு வரக் காணாத ஓசைக்கு மீன் பழகிவிடுகிறது. பழகாத ஓசையே அதை வெருட்டுகிறது. படித்துறைக்கு 50 கஜம் அப்பால், ஆள் நடமாட்டமில்லாத மடுவில், ஒரே ஒரு செருப்படி போதும். ஆகவே மடுவை அடையுமுன் செருப்பைக் கழற்றிவிடுதல் நன்று. உட்கார்ந்த பின்பு கால் மணி நேரம் தூண்டிலை இடாமல் சும்மாயிருப்பது இன்னும் நன்று. கலைந்த மீன் திரும்ப அவ்வளவாவது அவகாசம் வேண்டும்.

உடையும் நிறமும்

குளத்தோரத்தில் நிற்கும் குருட்டுக் கொக்கை எத்தனையோ முறை அருகில் வரும்வரையில் நாம் காண்பதில்லை. அதன் முதுகு சேற்றின் நிறமாகவும் கழுத்து காய்ந்த கோரையின் கீற்றுகளைப் போலவும் இருக்கும். பறந்தெழும்போதுதான் வெண்சிறகு பளிச்சிடும். ஆள் நெருங்கியும் அசையாதிருப்பதைக் கண்டு அதைக் குருடு என்றனர். உண்மையில் தன்னைப் பிறர் காணவில்லை என்ற துணிவே அதற்கு. வெண்கொக்கோ நிறத்தால் வேறாயினும், கீழிருந்து நோக்கும் மீனுக்கு ஒளி மிகுந்த வானத்தின் பின்னணியில் அந்த வெண்மை அவ்வளவாக உறுத்துவதில்லை என்று கருதுகிறார்கள்.

இதிலிருந்து மனிதருக்கும் ஒரு முறை கிடைக்கிறது. பின்னணி எதுவோ அதற்கேற்ப நிறம் இருத்தல் வேண்டும். கோரை, மூங்கில், தென்னை இவற்றுக்கு முன் உட்காருபவரின் வெள்ளை வேட்டி மீனின் சாளரத்தில் விளக்கேற்றியதுபோல் தெரியும். அழுக்குப் பச்சை, காவி, மண்ணிறம் ஆகிய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டாலே போதுமானது. வெறும் மணற்பரப்பில் பின்னே வானம் தவிர வேறொன்றும் இல்லையெனில் வெள்ளை பெருங்குற்றமன்று. எவ்வித நிறமாயினும் அசைவு அதைக் கெடுத்துவிடும். கைக்கடிகாரம், எவர்சில்வர் தூக்கு, குடைக்கம்பி ஆகியவற்றின் பளபளப்பும் அப்படியே.

கருவிகளை மறைத்தல்

தூண்டிற் கயிற்றின் நிறத்தைப் பற்றிய கவலை புதிதன்று. இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டில் அச்சான தூண்டில் நூல் ஒன்றில், குதிரைமயிரால் திரித்த கயிற்றைத் தெளிந்த நீருக்குப் பச்சையாகவும் இலையுதிர் காலத்துக்கு மஞ்சளாகவும் குளிர்காலத்துக்குப் பழுப்பாகவும் சாயமேற்றும் முறைகள் கூறப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் பருத்தி நூல் வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றிலும் ஆவாரம்பட்டைக் கஷாயத்திலும் ஊறவைத்தது நூல் இற்றுப்போகாமைக்காகவே என்றாலும், அதனால் ஏறிய செம்பழுப்பு நிறம் நீரில் வலையை மறைக்கவும் உதவிற்று.

இப்போது எங்கும் வழங்குவது தங்கூசி நரம்பு. நைலானால் ஆன இது கண்ணாடிபோல் தோன்றினும், நீரைவிட ஒளியை அதிகம் வளைப்பதால் நீருக்குள் மின்னக்கூடியது. விலை உயர்ந்த புளோரோகார்பன் நரம்பு இக்குற்றம் குறைந்தது. எடையும் மிகுந்ததாகையால் விரைவில் அடியில் படியும். ஆயினும் சாதாரணத் தங்கூசியையே செம்மைப்படுத்திக்கொள்ளலாம். நைலானில் பனிச்சங்காய் நூலில் ஏறுவதுபோல் ஏறாது. மெல்லிய வண்டலை நீரில் குழைத்து, முள்ளுக்கு மேலே இரண்டு முழ நீளத்துக்கு விரல்களால் உருவிவிட்டால் பளபளப்பு அடங்கும். நரம்பும் மிதவாமல் தாழும். மணல் கலந்த மண் நரம்பை அராவிவிடுமாகையால் வண்டலை நன்றாகத் தெளித்தெடுக்க வேண்டும்.

நரம்பு மெல்லியதாக இருக்கும் அளவுக்கு மறையும் என்பது மெய். சிறு கெண்டைகளுக்கு 0.20 மில்லிமீட்டர் கனமும், மடுக்களில் உள்ள ரோகு, சேல்கெண்டை ஆகியவற்றுக்கு 0.30 மில்லிமீட்டர் கனமும் தக்கவை. ஆனால் மறைவு வேண்டிப் பெருமீனுக்கு மயிர்போன்ற நரம்பைக் கட்டுவது தவறு. அறுந்த நரம்போடும் வாயில் தைத்த முள்ளோடும் ஓடிய மீன் எவருக்கும் பயன்படாமல் மடியக்கூடும்.

நீரின் நடுவே கயிறு குறுக்காக விறைத்து நிற்பதுதான் மீனை அதிகம் கலைப்பது. அதன் விலாவில் உராய்ந்தால் கூட்டம் முழுதும் ஓடிவிடும். ஆகவே அடியில் மேயும் மிர்கால் முதலியவற்றுக்கு நரம்பைத் தளரவிட்டு அடிமணலோடு படியச் செய்ய வேண்டும். பளபளக்கும் ஈயக்குண்டுக்குப் பதிலாக, நடுவில் சிறிது ஒடுங்கிய ஆற்றுக் கூழாங்கல்லைக் கட்டுவது பழைய வழக்கம். அடித்தரையின் நிறத்தோடு அது தானே ஒன்றிவிடுகிறது. ஈயத்தை விழுங்கிய நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறக்கக் கண்டு, இங்கிலாந்தில் 1987ஆம் ஆண்டில் பெரும்பாலான ஈயக்குண்டுகளைத் தடைசெய்தார்கள். நம் கூழாங்கல்லுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

தக்கை நெட்டியினால் ஆனதாயின் அதன் மேல் நுனிக்கு மட்டும் சிவப்புச் சாயம் போதும். அது பிடிப்பவரின் கண்ணுக்காக. மீன் காண்பது கீழ்ப்பாதியை. அது மண்ணிறமாக இருக்கட்டும். முள்ளைப் பொறுத்தவரையில், வெள்ளிபோல் மின்னுவதைவிடக் கருத்த முள் நல்லது. முனை மாத்திரம் வெளிப்பட, தண்டு முழுவதும் இரைக்குள் மறைய வேண்டும். மைதா உருண்டை தெளிந்த நீரில் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்துத் தோன்றும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்தால் நிறமும் தணியும், மணமும் கூடும்.

விராலுக்கு வேறு உபாயம். அது கோரையும் பாசியும் அடர்ந்த குளத்தோரங்களில் பதுங்கி, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும். அதன் இருப்பிடம் அவ்வோசையால் தெரியும். 12 அல்லது 15 அடி மூங்கிற்கழியைப் புதருக்கு மேலாக நீட்டி, முள்ளில் கோத்த தவளை மட்டும் நீரைத் தொடுமாறும் நரம்பு தொடாதவாறும் பிடிக்கும் ஊர்வழக்கத்தில், மறைக்கவேண்டிய நரம்பே நீரில் இல்லை. இதைவிடச் சிறந்த மறைவை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. ஆனால் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மொய்க்கும் இடத்தில், அவற்றைக் காத்து நிற்கும் தாய் தந்தை மீன்களைச் சீண்டிப் பிடிப்பது மிகவும் எளிது. எளிது என்பதாலேயே பலர் செய்கிறார்கள். காவல் நீங்கிய குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் விரைவிலேயே தின்று தீர்க்கும். ஒரு விராலுக்காக ஒரு குளத்தின் விரால்களை விடுவது மிராசுதாருக்கும் நஷ்டம், மீன்பாசிக் குத்தகைதாரருக்கும் நஷ்டம்.

கிராம அதிகாரிகளுக்கு

ஏரி குளங்களில் மீன்பாசி உரிமை ஏலத்தில் போயிருக்குமாயின் குத்தகைதாரரின் சம்மதமின்றித் தூண்டில் இடலாகாது. தன் நிலத்தை ஒட்டிய குளம் என்பதால் மட்டும் நிலக்காரருக்கு அவ்வுரிமை வந்துவிடாது. மதகுகளுக்கும் கதவணைகளுக்கும் அருகில் எவரையும் உட்கார விடக்கூடாது. முக்கொம்பில் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதி கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் பெயர்ந்து சென்றதை இப்பக்கத்தார் மறந்திரார். நீர் திடீரென வரக்கூடிய ஆறு இது. மணல் அள்ளிய குழிகள் தெளிந்த நீரிலும் ஆழம் காட்டா. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு. மறைவை நாடித் தனியிடம் தேடுபவர், தாம் போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது அவசியம்.

1873ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் டே என்பவர் இந்திய, பர்மிய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதிய அறிக்கையில், நஞ்சிடுதலும் மிகச் சிறிய கண்ணுடைய வலைகளும் மீன்வளத்தைக் குறைப்பதை எடுத்துக்காட்டினார். அதன் பின் வந்த 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், மீன் பிடிக்கும் கருத்துடன் நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு, சுண்ணாம்பு முதலியன கலப்பதையும் குற்றமாக்கி, அக்காலத்தில் இரண்டு மாதம் வரையில் சிறை அல்லது 200 ரூபாய் வரையில் அபராதம் என விதித்தது. கர்ணம், முனிசீபு பதவிகள் 1980ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபின் ஊரில் நடப்பதை முதலில் அறியக்கூடியவர் கிராம நிர்வாக அலுவலரே. ஓரிரவில் மடு முழுவதும் மீன் செத்து மிதக்குமானால், முதலில் கால்நடைகளை அங்கே இறங்கவிடாமல் தடுத்து, அம்மீனை ஒருவரும் உண்ணாதிருக்க ஊரில் அறிவிப்புச் செய்வித்து, போலீஸாருக்கும் மீன்வளத் துறைக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

தூண்டில்காரர் செய்யும் சிறு தீமை ஒன்றும் உண்டு. அறுந்த தங்கூசித் துண்டுகளைக் கரையிலே எறிந்துவிடுகிறார்கள். மட்காத அந்நரம்பு கொக்கு, நாரைகளின் காலில் சுற்றுவதோடு, புல்லோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகிறது. துண்டுகளை விரலில் சுருட்டி மடியில் முடிந்துகொண்டு போக ஒரு நிமிஷம் போதும்.

மேலே கூறிய ஏற்பாடுகள் யாவும் தெளிந்த, தாழ்ந்த நீருக்கு உரியவை. வழக்கமான நாளாகிய ஜூன் 12ஆம் தேதியிலோ, அணையின் இருப்பைப் பொறுத்துப் பின்னரோ மேட்டூரில் நீர் திறந்து, செந்நீர் முக்கொம்பைத் தாண்டி வரத் தொடங்கியதும் மீனின் சாளரம் மங்கிவிடும். அப்போது வெள்ளை வேட்டியும் தடித்த நரம்பும் குற்றமாகா. கண்ணை விட்டு மூக்கால் இரை தேடும் கெளுத்திக்கு மண்புழுவை முள்ளில் கோத்து, நீர் சுழலும் ஓரங்களில் இடலாம். மெல்ல நடப்பது மட்டும் அப்போதும் வேண்டியதே.